விட்ஸின் இடம் யாருக்குப் போனது?

தென்னாப்பிரிக்கக் கால்பந்து லீக்கின் 2019-20 சீசனைப் பற்றி அந்த ஊர்க்காரர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது கைசர் சீஃப்ஸில்தான் போய் நிற்கும். நிற்காமல் எப்படி? 1970 ஜனவரியில் கைசர் மோட்டாங் தொடங்கிய கிளப்புக்கு அந்த சீசனின் நடுவில் ஐம்பது வயது நிறைந்தது. 2015-க்குப் பிறகு ஒரு கோப்பையையும் தொடாத அணி, எர்ன்ஸ்ட் மிடென்டார்ப் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரின் கீழ் மாதக்கணக்கில் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. மார்ச்சில் கொரோனா வந்து லீக்கை நிறுத்தியது. ஆகஸ்ட்டில் எல்லா அணிகளையும் கௌடெங் மாகாணத்துக்குள் அடைத்துவைத்து, ஆளில்லாத மைதானங்களில் மிச்ச ஆட்டங்களை நடத்தினார்கள். அதற்குள் மமெலோடி சன்டவுன்ஸ் நெருங்கி வந்துவிட்டது. செப்டம்பர் 5 அன்று, கடைசி ஆட்டத்துக்கு முன்னால், இரண்டு அணிகளுக்கும் 56 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் சீஃப்ஸ் மேலே. இரண்டு ஆட்டங்களும் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவுக்குள்ளேயே ஒரே நேரத்தில் நடந்தன. ஒர்லாண்டோ மைதானத்தில் பரோக்காவுக்கு எதிராக காமா பிலியாட் சீஃப்ஸுக்கு முன்னிலை தேடிக்கொடுத்தார். இடைவேளைக்குப் பிறகு மொசாம்பிக்காரர் மனுவெல் கம்பாலா சமன் செய்தார். 1-1. டாப்ஸன்வில்லில் சன்டவுன்ஸ், பிளாக் லெப்பர்ட்ஸை 3-0 என்று வென்று மூன்றாவது ஆண்டாகத் தொடர்ந்து பட்டத்தை எடுத்துக்கொண்டது. சில நாள்களில் மிடென்டார்ப்பின் வேலை போயிற்று.

நல்ல கதைதான். ஆனால் அந்த சீசனை நினைக்கும்போது எனக்கு உறுத்துவது அந்த ஒரு கோல் இல்லை. நான்காவது இடத்தில் முடித்த அணி என்ன ஆயிற்று என்பதுதான். 1921-இல் தொடங்கி, மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு லீக் பட்டம் வென்று, இந்த சீசனிலும் முதல் நான்குக்குள் வந்த பிட்வெஸ்ட் விட்ஸ், அடுத்த சீசனில் இல்லை. தோற்றுக் கீழே போகவில்லை. திவாலாகிக் கலைக்கப்படவும் இல்லை. சீசன் முடிவதற்கு முன்பே, ஜூன் மாதம், லீக்கில் அதற்கிருந்த இடம் லிம்போப்போ மாகாணத்தைச் சேர்ந்த வேறொரு கிளப்புக்கு விற்கப்பட்டுவிட்டது.

## எம்பயர் சாலைக்குப் பக்கத்தில்

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் விட்ஸ் ஆட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. மைதானம் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக வளாகத்துக்குள், எம்பயர் சாலையை ஒட்டி இருந்தது. நான் குடியிருந்த இடத்திலிருந்து பக்கம். சிறிய மைதானம். எங்கே உட்கார்ந்தாலும் பயிற்சியாளர் கேவின் ஹன்ட் போடும் சத்தம் காதில் விழும். ஆட்டத்தைவிட அந்தச் சத்தத்துக்காகவே போன நாள்கள் உண்டு. தென்னாப்பிரிக்கக் கால்பந்து என்றால் நம் மனக்கண்ணில் வருவது வுவுசெலாவும், செதுக்கி வண்ணமடித்த சுரங்கத் தொழிலாளர் தொப்பியும், ஆட்டம் தொடங்குமுன்பே ஆடத் தொடங்கிவிடும் கூட்டமும். விட்ஸ் மைதானத்தில் அதெல்லாம் எதிரணி சீஃப்ஸாகவோ ஒர்லாண்டோ பைரட்ஸாகவோ இருந்தால்தான் கிடைக்கும். அன்றைக்கு விட்ஸ் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடும். மற்ற நாள்களில் சில மாணவர்கள், வீரர்களின் உறவினர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர் போலத் தோன்றும் சிலர், குழந்தைகளுடன் வந்த குடும்பங்கள். இவர்களோடு நானும்.

2017 மே மாதம் போலக்வானே சிட்டியை 2-0 என்று வென்று விட்ஸ் முதல்முறையாக லீக் பட்டத்தை உறுதி செய்தது இந்த மைதானத்தில்தான். கிளப்புக்கு அப்போது 96 வயது. ஹன்ட் அதற்கு முன்பு சூப்பர்ஸ்போர்ட் யுனைட்டெட்டுக்காக 2008, 2009, 2010 என்று மூன்று முறை பட்டம் வென்றவர். சன்டவுன்ஸின் பணத்தையும் சீஃப்ஸின் கூட்டத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு லீக்கில், இரண்டும் பெரிதாக இல்லாத கிளப் 30 ஆட்டங்களின் முடிவில் மேலே நின்றது. அன்றிரவு வளாகத்தை விட்டு வெளியே வந்து பிராம்ஃபோன்டீன் தெருக்களில் நடந்தபோது, ஊரே ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்தது. சீஃப்ஸ் வென்றிருந்தால் விடியும்வரை தூங்க விட்டிருக்கமாட்டார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு சக ஊழியர், சொவெட்டோக்காரர், பரம்பரை சீஃப்ஸ் ரசிகர், கைகொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாழ்த்துகள். உங்கள் ஆறு ரசிகர்களில் ஒருவரை நேரில் பார்த்துவிட்டேன்." மூன்று ஆண்டு கழித்து விட்ஸ் விற்கப்பட்ட செய்தி வந்தபோது அதே மனிதர் எனக்கு எழுதினார். நான் அதற்குள் நாடு திரும்பியிருந்தேன். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டிருந்தார்: பார்க்க ஆளில்லாத கிளப்பை விற்றால் யாருக்கு நஷ்டம்?

அதே வாரத்தில் இன்னொரு செய்தி, அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவரிடமிருந்து. அவர் வெண்டா இனத்தவர். லிம்போப்போவில் தொஹோயாண்டோ என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். விட்ஸின் இடத்தை வாங்கிய கிளப்பின் பெயர் ட்ஷகூமா ட்ஷா மட்ஸிவாண்டிலா, சுருக்கமாக டி.டி.எம். அதுவரை இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த வெண்டா நாட்டுக் கிளப். அவருடைய செய்தியில் சொற்கள் குறைவு, ஆச்சரியக்குறிகள் அதிகம். தன் தாய் இருக்கும் ஊரிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்துக்கு சீஃப்ஸும் பைரட்ஸும் வரப்போகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

இந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில்தான் நான் சிக்கிக்கொண்டேன். முதலாமவருடைய கேள்விக்குக் கோபமாகப் பதில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாமவருடைய மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு அதை அனுப்ப மனம் வரவில்லை.

## ஜோமோ சோனோ வாங்கிய இடம்

விற்பதே தவறு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தென்னாப்பிரிக்க வரலாறு அதற்கு வழிவிடுவதில்லை. இனஒதுக்கல் காலத்தில் வெள்ளையருக்கென்று தனி லீக் இருந்தது. விட்ஸ் மேலே ஏறி வந்தது அந்த லீக்கில்தான். 1977-இல் அது மூடப்பட்டபோது அதிலிருந்த சில கிளப்புகள் கறுப்பினத்தவரின் லீக்குக்கு வந்து சேர்ந்தன. விட்ஸ் அவற்றில் ஒன்று, ஹைலண்ட்ஸ் பார்க் மற்றொன்று. 1978-இல் விட்ஸ் மெய்ன்ஸ்டே கோப்பையை வென்றது கைசர் சீஃப்ஸை வீழ்த்தித்தான். பிறகு மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்குக் கோல்காத்த கேரி பெய்லி விட்ஸ் மைதானத்திலிருந்து போனவர். எனக்கு அன்பான கிளப்பின் கதை, வேறொருவருக்கு வேலியின் அந்தப் பக்கத்துக் கதை.

ஹைலண்ட்ஸ் பார்க்கின் கதை இன்னும் சுவையானது. பெலேயோடு நியூயார்க் காஸ்மோஸில் ஆடிவிட்டு ஊர் திரும்பிய ஜோமோ சோனோ, 1983-இல் அந்தக் கிளப்பை விலைக்கு வாங்கினார். பெயரை ஜோமோ காஸ்மோஸ் என்று மாற்றினார். சொவெட்டோவில் வளர்ந்த ஒரு கறுப்பின ஆட்டக்காரர், இனஒதுக்கல் உச்சத்தில் இருந்த நாட்டில், வெள்ளையர் லீக்கின் பெரிய கிளப்பைச் சொந்தமாக்கிக்கொண்டது சாதாரணக் காரியமா? காஸ்மோஸ் 1987-இல் லீக் பட்டம் வென்றது. ஃபிலெமன் மசிங்கா, மார்க் ஃபிஷ் போன்றவர்கள் அங்கேதான் உருவானார்கள். 1996-இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற தேசிய அணியில் இருவரும் இருந்தார்கள். ஹைலண்ட்ஸ் பார்க் ரசிகர்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்களுடைய துக்கமும் துக்கம்தானே? ஆனாலும் சோனோவின் கொள்முதலை மனதார ஏற்றுக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் 2020-இல் ஒரு வெண்டா தொழிலதிபர் பல்கலைக்கழகக் கிளப்பின் இடத்தை வாங்கும்போது மட்டும் எனக்கு ஏன் வலிக்க வேண்டும்? நான் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதாலா?

இதில் நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கக்கூடியது ஒன்றுதான்: அங்கே லீக் இடம் என்பது ஒரு சொத்து. நம் ஊரில் பஸ் ரூட் பர்மிட் கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். வண்டி பழையது, டிரைவர் வேறு, வண்டியின் நெற்றியில் எழுதிய குலதெய்வத்தின் பெயர்கூட மாறிவிடும், விலை பர்மிட்டுக்குத்தான். முதல் பிரிவில் 16 அணிகள். ஒவ்வொன்றுக்கும் லீக் நிர்வாகம் மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கிறது. 2007-இல் சூப்பர்ஸ்போர்ட் தொலைக்காட்சியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தத் தொகை கனத்தது. இரண்டாம் பிரிவில் கிடைப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. அங்கிருந்து மேலே வர நேரடி வழி ஒன்றே ஒன்று, முதலிடம். அடுத்த இரண்டு அணிகள், மேற்பிரிவில் பதினைந்தாவதாக வந்த அணியோடு பிளேஆஃப் ஆட்டங்களில் மோதிப் பார்க்கலாம். 30 ஆட்டம் ஆடி, பேருந்தில் நாடு முழுக்க அலைந்து, கடைசியில் ஒரு புள்ளியில் தவறவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து. பணம் இருப்பவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? காசோலை எழுதினால் நிர்வாகத்தின் ஒப்புதலோடு ஆகஸ்ட்டில் மேலே ஆடலாம். விற்பவர் பக்கத்திலும் கணக்கு சரியாகவே இருக்கிறது. செலவு இழுக்கிறது, கூட்டம் வரவில்லை, ஆனால் கையிலிருக்கும் இடத்துக்கு நல்ல விலை இருக்கிறது.

இப்படி வாங்கியவர்கள் எல்லாரும் மோசமாக நடத்தினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2016-இல் ம்புமலங்கா பிளாக் ஏசஸின் இடத்தில் வந்த கேப் டவுன் சிட்டி முதல் சீசனிலேயே டெல்காம் நாக்அவுட் கோப்பையை எடுத்தது. ஸ்டெல்லன்போஷ் அதே ஆண்டு இரண்டாம் பிரிவில் வாஸ்கோ ட காமாவின் இடத்தை வாங்கி, 2019-இல் ஆடி ஜெயித்து மேலே வந்தது. இன்றைக்கு அந்த நாட்டில் பொறுமையாக நடத்தப்படும் கிளப்புகளில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம். 2023 கார்லிங் நாக்அவுட் இறுதியில் ஸ்டெல்லன்போஷும் டி.எஸ். கேலக்ஸியும் மோதின. இரண்டுமே வாங்கிய இடத்தில் முளைத்தவை. வாங்கும் வழியை அடைத்திருந்தால் அந்த இறுதி ஆட்டமே இல்லை.

சொல்ல மறந்துவிட்டேன், ஹைலண்ட்ஸ் பார்க்குக்கு இரண்டாவது பிறவியும் உண்டு. பழைய பெயரைப் புதிதாக எடுத்துக்கொண்ட ஒரு கிளப், டெம்பிசாவில் ஆடி மேலே வந்தது. 2019-20 சீசனில் அதன் முன்கள வீரர் நமீபியாவின் பீட்டர் ஷலுலிலே 16 கோல் அடித்து, பைரட்ஸின் கபடினோ ம்ஹாங்கோவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். சீசன் முடிந்ததும் அந்த இடமும் விற்கப்பட்டது, டி.எஸ். கேலக்ஸிக்கு. ஷலுலிலே சன்டவுன்ஸுக்குப் போனார். ஒரே சீசனில் இரண்டு இடங்கள். அதில் ஒன்று, லீக்கிலேயே அதிகம் கோலடித்தவர் இருந்த அணியின் இடம்.

## செப்டம்பர் 5

எனக்குள் ஓடிக்கொண்டிருந்த வழக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது அந்தக் கடைசி நாளன்றுதான். அது சாய்ந்ததற்கும் விட்ஸுக்கும் சம்பந்தமில்லை.

அன்று மாலை எல்லாரும் சீஃப்ஸ் ஆட்டத்தையும் சன்டவுன்ஸ் ஆட்டத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். பரோக்கா சமன் செய்த கணத்தில், அந்த அணிக்காரர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று தோன்றியது. ஆளில்லாத மைதானத்தில் கத்தல் தெளிவாகக் கேட்டது. சீஃப்ஸின் பட்டத்தைக் கெடுப்பதில் அவர்களுக்கு என்ன லாபம்? பிறகுதான் பட்டியலின் அடியைப் பார்த்தேன். அவர்களுக்கு அந்த ஒரு புள்ளி உயிர். பரோக்கா லிம்போப்போ அணி. டாப்ஸன்வில்லில் சன்டவுன்ஸிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த பிளாக் லெப்பர்ட்ஸும் லிம்போப்போ அணி. அதிலும் தொஹோயாண்டோவின் அணி. கடைசியில் நின்ற போலக்வானே சிட்டி, பெயரிலேயே லிம்போப்போவின் தலைநகரை வைத்திருக்கும் அணி. ஒரே மாகாணத்தின் மூன்று கிளப்புகள் அடிமட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. நாட்டின் கண் முழுவதும் மேலே இருந்ததால் பலருக்கு அது தெரியவில்லை. ஆட்டங்கள் முடிந்தபோது பரோக்கா தப்பித்தது. லெப்பர்ட்ஸ் பிளேஆஃப் ஆடிப் பிழைக்க வேண்டியதாயிற்று. போலக்வானே சிட்டி இரண்டாம் பிரிவுக்குப் போனது.

அதே மாகாணத்தின் டி.டி.எம்., இரண்டாம் பிரிவில் எந்த இடத்தில் முடித்தாலும் கவலையில்லை என்ற நிலையில், அதே வாரத்தில் முதல் பிரிவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. விட்டுப்போகும் இரண்டாம் பிரிவு இடத்தை பிரிட்டோரியா காலீஸுக்கு விற்றாயிற்று. அதாவது ஒரு விற்பனை மேலே, அதனால் ஒரு விற்பனை கீழே. போலக்வானே சிட்டியின் வீரர்கள் அறை திரும்பும்போது இதை நினைத்திருக்கமாட்டார்களா? அவர்கள் 30 ஆட்டம் ஆடி இழந்ததை, சில மணிநேரப் பயணத் தொலைவில் இன்னொருவர் ஓர் ஆட்டமும் ஆடாமல் பெற்றுக்கொண்டார். மேலே சீஃப்ஸ் 30 ஆட்டங்களின் உழைப்பை ஒரு கோலில் பறிகொடுத்தது. அதைக் கொடூரம் என்றார்கள். ஆனால் அது நியாயமான கொடூரம். எல்லாருக்கும் ஒரே விதி. கீழே நடந்ததில் விதி ஆளுக்கு ஆள் வேறு.

சீஃப்ஸ் நண்பர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்ததும் அப்போதுதான். யாருக்கு நஷ்டம் என்றால், விட்ஸைப் பார்க்க வந்த எங்களைப் போன்ற ஒரு கைப்பிடி ஆள்களுக்கு மட்டும் இல்லை. போலக்வானே சிட்டிக்கு நஷ்டம். அன்று இரண்டாம் பிரிவில் மேலே வர முட்டி மோதிய ஒவ்வொரு கிளப்புக்கும் நஷ்டம். அவர்களை வாசல் வழியாக வரச் சொல்லிவிட்டு, சிலருக்கு மட்டும் பக்கக் கதவு திறந்திருந்தது.

விட்ஸுக்கும் அன்றைக்குத்தான் கடைசி ஆட்டம். விடைபெறுவதற்குக்கூட ஆள் வர முடியாத காலம் அது. ஏற்கெனவே காலி மைதானத்துக்குப் பெயர்போன கிளப் கடைசியாக ஆடியது சட்டப்படியே காலியாக இருந்த மைதானத்தில் என்பதை யாராவது எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று அடித்துவிடுவோம். ஜூனில் விலைபோன பிறகும் அந்த அணி தளராமல் ஆடி நான்காவதாக முடித்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கேப்டன் துலானி ஹ்லாட்ஷ்வாயோ, டியான் ஹோட்டோ, டெரன்ஸ் ஜுவுகமன்ஜா ஆகியோர் பைரட்ஸுக்குப் போனார்கள். கிஃப்ட் மோட்டுபாவும் ஹாஷிம் டொமிங்கோவும் கோல்கீப்பர் ரிகார்டோ கோஸும் சன்டவுன்ஸுக்கு. கேவின் ஹன்ட், மிடென்டார்ப் விட்ட நாற்காலியில், சீஃப்ஸுக்கு. பெரிய கிளப்புகள் பங்கு பிரித்துக்கொண்டு மிச்சமிருந்ததுதான் லிம்போப்போவுக்குப் போனது.

## பெயர் மாறிக்கொண்டே போன கிளப்

வெண்டா நண்பருக்காக நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது அவர்கள் ஊரிலாவது வேர் பிடிக்கட்டும். பிடிக்கவில்லை. சீசன் பாதி ஆகுமுன்பே சம்பளம் வரவில்லை என்று வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்த செய்திகள் வந்தன. பயிற்சியாளர்கள் மாறினார்கள். 2021-இன் தொடக்கத்தில், வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், கிளப் மறுபடியும் விற்கப்பட்டது. புதிய உரிமையாளர், புதிய பெயர்: மருமோ காலன்ட்ஸ். ட்ஷகூமா என்ற சொல் லீக் பட்டியலிலிருந்து மறைந்தது.

இதில் ஒரு விசித்திரம். விற்பனை நடந்து முடிந்த பிறகு, 2021 மே மாதம், நெட்பேங்க் கோப்பை இறுதியில் சிப்பா யுனைட்டெட்டை 1-0 என்று இந்த அணி தோற்கடித்தது, அதுவும் டி.டி.எம். என்ற பழைய பெயரிலேயே. சாதனைப் பட்டியலில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. சம்பளத்துக்காகப் போராடிய அணி, உரிமையாளர் மாறிய அணி, நாட்டின் பெரிய கோப்பைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த லீக்கை விட்டு என்னால் விலக முடியாததற்குக் காரணம் இதுபோன்ற அபத்தங்கள்தான். வெண்டா நண்பரிடம் அதற்குப் பிறகு பேசியபோது, ஏமாந்துவிட்டோம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "கோப்பை எங்கள் பெயரில் இருக்கிறது. விட்ஸ் மைதானத்துக்குக் கூட்டம் சீஃப்ஸைப் பார்க்க மட்டும் வரும் என்று நீதானே சொன்னாய்? எங்களுக்கு ஒரு வருடமாவது சொந்தமாகக் கத்த ஒன்று இருந்தது" என்றார். கொரோனா காலத்தில் எந்த மைதானத்தில் கத்தினார் என்று நான் கேட்கவில்லை.

காலன்ட்ஸ் கதை அதோடு நிற்கவில்லை. 2022-23 சீசனில் அந்த அணி ஆப்பிரிக்க கான்ஃபெடரேஷன் கோப்பையில் அரையிறுதிவரை போய்த் தான்சானியாவின் யங் ஆஃப்ரிக்கன்ஸிடம் தோற்றது. அதே மே மாதத்தில் உள்ளூர் லீக்கில் கீழ்ப் பிரிவுக்கும் தள்ளப்பட்டது. ஆக, 1921-இன் விட்ஸிடமிருந்து பிறந்த இடம் கடைசியில் ஆட்டக்களத்தில், எல்லாருக்கும் பொதுவான முறைப்படி தொலைந்தது. அத்துடன் ஒரு நேர்மையான முடிவு வந்துவிட்டது என்று நினைத்தேன். 2024-இல் காலன்ட்ஸ் மேலே வந்துவிட்டது, மொரோக்கா ஸ்வாலோஸின் இடத்தை வாங்கி.

ஸ்வாலோஸ் 1947-இல் சொவெட்டோவில் தொடங்கிய கிளப், சீஃப்ஸுக்கும் மூத்தது. 2015-இல் கீழே விழுந்து, பிறகும் விழுந்து, 2019-இல் மக்காபி என்ற அணியின் இரண்டாம் பிரிவு இடத்தை வாங்கிக்கொண்டு எழுந்தது. அடுத்த ஆண்டே, நான் பேசிக்கொண்டிருக்கும் இதே 2019-20-இல், இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே வந்தது. அப்போது சொவெட்டோவில் வயதானவர்கள் அழுதார்கள் என்று சீஃப்ஸ் நண்பர் எழுதியிருந்தார். அவருடைய தாத்தா ஸ்வாலோஸ்காரராம். நான்கே ஆண்டுகளில் அந்த இடமும் போனது. இந்த முறை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. யாருக்கு நஷ்டம் என்பது அவருடைய தாத்தாவின் கிளப்புக்கு வந்தபோது தெரிந்துவிட்டது என்று நான் குத்திக்காட்டியிருக்கலாம். செய்யவில்லை. போலக்வானே சிட்டியோ, 2023-இல் இரண்டாம் பிரிவைக் களத்தில் வென்று, தன் காலில் நடந்தே திரும்பி வந்திருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவருக்கு எழுதினேன்.

என் தரப்பு இதோடு உறுதியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் புளூம்ஃபோன்டீன் குறுக்கே வருகிறது. அந்த ஊரின் செல்டிக் கிளப்பின் ரசிகர்கள் தென்னாப்பிரிக்காவின் மிகச் சிறந்த கூட்டம் என்று சீஃப்ஸ்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆட்டம் முழுக்க ஒரு நொடி வாய் மூடாத பாட்டு. அவர்களுக்கு சிவெலேலே என்று பெயர். 2019-20-இல் செல்டிக் பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டே நெட்பேங்க் கோப்பை இறுதிவரை வந்து சன்டவுன்ஸிடம் 1-0 என்று தோற்றது. 2021-இல் அதன் இடம் ராயல் ஏ.எம். என்ற கிளப்புக்கு விற்கப்பட்டு குவாசுலு-நட்டாலுக்குப் போனது. பார்க்க ஆளில்லாததால் விற்றார்கள் என்ற வாதம் அங்கே துளியும் செல்லாது. நாட்டிலேயே அதிகம் பாடிய கூட்டத்தை அநாதையாக்கினார்கள். பிறகு 2025-இல், ஹன்ட் மூன்று பட்டம் வென்ற அதே சூப்பர்ஸ்போர்ட் யுனைட்டெட் விற்பனைக்கு வந்தது. வாங்கிய புதிய கிளப் புளூம்ஃபோன்டீனில் ஆடப்போவதாக அறிவித்தது. கிளப்பின் பெயரே சிவெலேலே.

செய்தியைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, மகிழ்ச்சி. அந்த ஊருக்குப் பாட மறுபடியும் ஓர் அணி கிடைத்துவிட்டதே என்று. சூப்பர்ஸ்போர்ட்டின் பிரிட்டோரியா ரசிகர்களைப் பற்றி நினைவு வர சிறிது நேரம் பிடித்தது. 2019-20-இல் ஆடிய 16 அணிகளில் விட்ஸ், ஹைலண்ட்ஸ் பார்க், செல்டிக், சூப்பர்ஸ்போர்ட் ஆகிய நான்கின் முதல் பிரிவு இடங்கள் இப்போது வேறு பெயர்களில் இருக்கின்றன, அல்லது இருந்து மறைந்துவிட்டன. இதில் ஒரு விற்பனையை மட்டும் நான் ரகசியமாக வரவேற்றிருக்கிறேன். பக்கக் கதவை மூடச் சொல்கிறவன், பிடித்தவர்கள் உள்ளே போகும்போது பேசாமல் இருந்துவிட்டான்.

வெண்டா நண்பரிடம் இதைச் சொன்னபோது நன்றாகச் சிரித்தார். விற்கலாம், ஆனால் அதே ஊருக்குள்தான் விற்க வேண்டும் என்று விதி வைத்தால் என்ன என்று கேட்டேன். அப்படி வைத்தால் பணக்கார ஊர்களின் இடங்கள் பணக்கார ஊர்களிலேயே சுற்றும், தொஹோயாண்டோ என்றைக்கும் தொலைக்காட்சியில்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்றார். வாங்குகிறவர் இரண்டாம் பிரிவில்தான் தொடங்க வேண்டும் என்றால்? அது பரவாயில்லை, ஸ்டெல்லன்போஷ் அப்படித்தானே வந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். உடனே, ஆனால் அப்படியானால் விட்ஸின் இடத்துக்கு யார் விலை கொடுப்பார்கள், அதை வைத்திருந்த பிட்வெஸ்ட் கம்பெனி எப்படியும் மூடிவிட்டுத்தானே போயிருக்கும் என்றும் கேட்டார். மூடியிருந்தால் போலக்வானே சிட்டி தப்பித்திருக்கும் என்றேன். அவர் பிறந்த மாகாணத்தின் தலைநகர அணி அது. அதற்காக மகிழ வேண்டுமா என்று யோசிப்பவர் போலச் சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, லெப்பர்ட்ஸ் இருக்கும்போது போலக்வானேவை யார் பார்ப்பார்கள் என்றார்.